பதினொரு ரங்கசாமிகளும் ஒரு குழவியும்

1

அம்மா அனுப்பிய தினசரிக் காலண்டரை என் அறை ஜன்னலுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறேன். வெளியே முழங்கால் உயரத்துக்குப் பனி. மூன்று வாரத்துக்கு முன்பு ஒரு நாள் காலையில் தாளைக் கிழித்தபோது அடியில் சிவப்பு எழுத்தில் வைகுண்ட ஏகாதசி என்று இருந்தது. கையில் காபியோடு நின்றுவிட்டேன். நான் இங்கே காலைத் தாளைக் கிழிக்கும் நேரத்தில் அங்கே நீங்கள் விளக்கு வைத்திருப்பீர்கள். பரமபதவாசல் விடியற்காலையிலேயே திறந்தாகிவிட்டது. கூட்டம் வந்து, நெருக்கி, பாதி கலைந்தும் போயிருக்கும். எனக்கு மட்டும் ஏகாதசி இனிமேல்தான் ஆரம்பம்.

அமெரிக்காவில் இது எனக்கு மூன்றாவது ஏகாதசி. 'அன்று அன்னம் கூடாது, ஞாபகம் இருக்கட்டும்' என்று அம்மா ஒவ்வொரு வருஷமும் எழுதுகிறாள். இந்த ஊரில் அரிசி வாங்க இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். வருஷத்தில் பாதி நாள் ஏகாதசிதான் என்று அவளுக்கு எழுத மனம் வரவில்லை.

'அங்கே என்னதான் செய்கிறாய், புரிகிற மாதிரி எழுது' என்று நம் கல்லூரி மலருக்காகக் கேட்டிருந்தீர்கள். ஒரு வருஷமாக எழுத முடியவில்லை. எனக்கே அது சரியாகப் புரியவில்லை என்பதுதான் காரணம். இந்த மூன்று வாரத்தில் புரிந்துவிட்டது. அதனால் மூச்சுவிடாமல் எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

என் வேலை தேடுவது. அப்பாவிடம் முதல் தடவை இதைச் சொன்னபோது அவர் பேப்பரை மடித்துவைத்துவிட்டுக் கேட்டார்.

"தேடறதா? என்னத்தைத் தொலைச்சுட்டு அங்க போய்த் தேடப்போறாய்?"

"நான் தொலைக்கலைப்பா. உலகத்துல ஆராய்ச்சிக் கட்டுரை மலை மாதிரி குவியறது. வேணுங்கறதை யாராலயும் கண்டுபிடிக்க முடியலை. கம்ப்யூட்டர்னு ஒரு யந்திரத்துக்கிட்ட கேள்வியைக் கொடுத்தா, அதுக்குப் பதில் இருக்கற கட்டுரையை அது எடுத்துக் கொடுக்கணும்."

"அதுக்கு லைப்ரரில ஆள் இருக்காரே."

"அவர் ஒருத்தர். கட்டுரை லட்சம்."

"கணக்கு சொல்லிக்கொடுக்கற உத்தியோகத்தை விட்டுட்டு லைப்ரரி ப்யூன் வேலைக்குக் கப்பல்ல போறேங்கறாய்."

அப்பா பொன்மலை ரயில்வே ஆபீசில் தலைமைக் குமாஸ்தா. எந்தக் கோப்பு எந்த அலமாரியில் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். தேடுவது ஒரு படிப்பு என்று அவரிடம் சொல்வது, மூச்சுவிடுவது ஒரு படிப்பு என்பது மாதிரி.

இங்கே எங்கள் ஆராய்ச்சிக்கூடத்தில் நானூறு கட்டுரைச் சுருக்கங்கள் இருக்கின்றன. எல்லாம் கோதுமை ஆராய்ச்சி. துருநோய், உரம், மண்ணின் ஈரம், விதை முளைப்பு. கூடவே விவசாய ஆராய்ச்சிக்காரர்களே எழுதிக் கொடுத்த முப்பது கேள்விகள். எந்தக் கேள்விக்கு எந்தச் சுருக்கம் சரியான பதில் என்று அவர்களே குறித்தும் கொடுத்திருக்கிறார்கள். யந்திரம் ஒவ்வொரு கேள்விக்கும் பத்துச் சுருக்கங்களை எடுத்துக் கொடுக்க வேண்டும். அந்தப் பத்தில் சரியானது எத்தனை என்று நாங்கள் எண்ணுவோம். பரீட்சைத் தாள் திருத்துவது மாதிரிதான்.

யந்திரம் எப்படித் தேடுகிறது? ரொம்பச் சுலபம். கேள்வியில் இருக்கும் சொற்களில் எத்தனை அந்தச் சுருக்கத்தில் இருக்கின்றன என்று எண்ணும். நிறைய இருந்தால் அந்தச் சுருக்கம் மேலே வரும். குறைவாக இருந்தால் கீழே போகும். என் ஏற்பாடு இவ்வளவுதான். கேட்டவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள்.

ஓட்டிப் பார்த்தால் பத்துக்கு ஒன்று, இரண்டு. சில கேள்விகளுக்குப் பூஜ்யம். கோதுமையைப் பற்றிக் கேட்டால் கோதுமையைப் பற்றி எதையோ எடுத்துக் கொடுத்தது. நானூறும் கோதுமைதானே.

டிசம்பரில் என் பேராசிரியர் கூப்பிட்டார். நல்ல மனிதர். கெட்ட செய்தியைச் சொல்லும்போது ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொல்வார். அன்றைக்கு அவர் பார்வை ஜன்னலை விட்டு நகரவே இல்லை.

"ரங்கா, ஜனவரி கடைசி வெள்ளிக்கிழமை உன் விசா நீட்டிப்புப் படிவத்தில் நான் கையெழுத்துப் போட வேண்டும். ஆராய்ச்சி முன்னேறுகிறது என்று எழுதித்தான் போட முடியும். பொய் எழுத மாட்டேன். அதற்கு முந்தின நாள் வியாழக்கிழமை யந்திரத்தில் உனக்கு ஒரு மணி நேரம் இருக்கிறது. அதில் ஏதாவது காட்டு."

காட்டாவிட்டால் பிப்ரவரியில் கப்பல். அப்பாவின் முகம். வீட்டு வாசலில் 'வந்துட்டியா' என்று ஒரு சொல். அவ்வளவுதான்.

3

படிவம் என்றதும் இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் ஸ்ரீரங்கம் வரதாச்சாரி ரங்கராஜன். இங்கே குடும்பப் பெயர் எது என்று கேட்கிறார்கள். குடும்பத்துக்குத் தனியாகப் பெயர் வைக்கும் வழக்கம் எங்களுக்கு இல்லை, முதலில் இருப்பது ஊர், அடுத்தது அப்பா, கடைசியில்தான் நான் என்றேன். அந்த ஆபீசில் இருந்த அம்மாள் ஊரைக் குடும்பப் பெயர் என்று எழுதிக்கொண்டாள். சம்பளம் போடுகிறவர்கள் அப்பாவைக் குடும்பப் பெயராக்கினார்கள். லைப்ரரியில் மட்டும் நான் நானாக இருக்கிறேன். போன மாதம் படிவம் வாங்கப் போனபோது என் கோப்பு கிடைக்கவில்லை என்றார்கள். மூன்று இழுப்பறைகளில் மூன்று ஆட்களாக இருந்தேன். தேடும் கலையில் ஆராய்ச்சி செய்ய வந்தவன் என்று அந்த அம்மாளிடம் நான் சொல்லவில்லை.

பேச்சிலும் இடறுவதுண்டு. துளை அட்டை அடிக்கும் அறையில் பெட்டி என்று ஒருத்தி. நம் ஊர் மரப்பெட்டி இல்லை, அவள் பெயரே அதுதான். அக்கா வயது இருக்கும், பரந்த தோள், பெரிய சிரிப்பு. நாங்கள் எழுதிக் கொடுப்பதை யந்திரம் படிக்கும்படி அட்டைகளில் துளை போட்டுக் கொடுப்பாள். வந்த புதிதில் ஒரு நாள் வேலை முடிந்து கிளம்பும்போது நம் 'போயிட்டு வரேன்' என்பதை அப்படியே ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு அறைக்குப் போய்விட்டேன். திரும்பி வருவேன் என்று அவள் யந்திரத்தை மூடாமல் உட்கார்ந்திருந்தாளாம். மறுநாள் காலையில், "வருகிறேன் என்றாயே, நேற்றா இன்றைக்கா?" என்றாள். அதிலிருந்து நான் கிளம்பும்போதெல்லாம், "போகிறாயா, போய் வருகிறாயா, ஒன்றைச் சொல்" என்கிறாள்.

4

ஏகாதசி அன்றைக்கு மத்தியானம் அந்த அறையில்தான் இது நடந்தது.

எங்கள் கூடத்தில் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு கட்டு அட்டை உண்டு. 'துருநோய்' என்ற சொல் பதினைந்து சுருக்கங்களில் வந்தால் அந்தக் கட்டில் பதினைந்து அட்டை. எந்தச் சுருக்கம் என்ற எண் ஒவ்வொன்றிலும் துளையாக இருக்கும். இந்தக் கட்டுகளைத் தகர ட்ரேக்களில் வரிசையாக அடுக்கி வைத்திருக்கிறோம். அன்றைக்கு எல்லாவற்றையும் பக்கத்து அறைக்கு மாற்ற வேண்டியிருந்தது. பெட்டி சின்னக் கட்டுகளை ஒரு கையில் நாலு ஐந்தாக எடுத்துக்கொண்டு போனாள். ஒரு ட்ரேக்கு முன்னால் மட்டும் நின்றுவிட்டாள்.

"இது உன் கோதுமை. நீயே தூக்கு."

"ஏன்?"

"போன தடவை தூக்கி முதுகு பிடித்துக்கொண்டது. மற்றச் சொல்லெல்லாம் விரல் கனம். இது ஒரு சொல்லுக்கு ஒரு ட்ரே முழுக்க. இத்தனை அட்டையை வைத்துக்கொண்டு இது எதையாவது கண்டுபிடித்துக் கொடுத்திருக்கிறதா?"

அவள் வேடிக்கையாகத்தான் கேட்டாள். நான் குனிந்து அந்த ட்ரேயைத் தூக்கித் தோளில் வைத்தேன். நல்ல கனம். தோளில் கனம் அழுந்திய அந்த நொடியில் எனக்கு மணல்வெளியும் வெயிலும் பந்தலும் கண் முன்னால் வந்து நின்றன. அப்படியே நின்றேன்.

"என்ன, உனக்கும் முதுகா?" என்றாள் பெட்டி.

"இல்லை. ஒரு ஆளைப் பார்த்தேன்."

5

அந்த ஆளைப் பற்றிச் சொல்கிறேன்.

ஐந்து வருஷத்துக்கு முன் ஏகாதசிக் கூட்டத்தில் தொலைந்துபோனவர்களைச் சேர்த்துவைக்க மாணவர்கள் பந்தல் போட்டோமே, ஞாபகம் இருக்கிறதா? ரங்கா ரங்கா கோபுரத்துக்கு இந்தப் பக்கம், கீற்றுப் பந்தல், இரண்டு பெஞ்சு, ஒரு மைக் செட். மைக் செட் பாலக்கரை காதருடையது. ஸ்கூலில் என் பெஞ்சில் உட்கார்ந்தவன். பத்தாவதோடு படிப்பை விட்டுவிட்டு அவன் மாமாவோடு மைக் செட் வாடகைக்கு விடும் தொழிலில் இறங்கியவன்.

ஏற்பாடு முழுக்க என்னுடையது. கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி, முதுகுப் பக்கத்தில் பெயர், ஊர், வயசு, உடுப்பு என்று கோடு போட்டு அட்டை தயார் செய்தேன். ஒரு மரப்பெட்டியை அகர வரிசைப்படி தடுப்புப் போட்டுப் பிரித்தேன். தொலைந்தவர் வந்தால் அட்டை எழுதிப் பெயர்ப்படி பெட்டியில் போடுவது. தேடுகிறவர் வந்தால் பெயரைக் கேட்டு அட்டையை எடுப்பது. விஞ்ஞான முறை என்று நண்பர்களுக்கு ஒரு பிரசங்கமே செய்தேன். கணக்குப் படித்தவன் அல்லவா.

காலை எட்டு மணிக்குள் 'ர' தடுப்பு நிரம்பிவிட்டது. அ காலி. க-வில் நாலு. ம-வில் மூன்று. ர-வில் அட்டை நுழையவில்லை. ரங்கன், ரங்கம்மா, ரங்கநாயகி, ரங்கசாமி, ரங்கராஜு. அவர்கள் வந்திருப்பது ஸ்ரீரங்கத்துக்கு. பெருமாள் பெயரை வைத்துக்கொண்டவர்கள்தானே பெருமாளைப் பார்க்கக் கிளம்பி வருவார்கள். இது எனக்குத் தோன்றவே இல்லை. அகர வரிசை பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தது, அது எல்லா ஊருக்கும் பொருந்தும் என்றிருந்தேன். போதாக்குறைக்கு என் பெயரும் அந்தத் தடுப்பில்தான் விழும்.

பத்து மணிக்கு ஒரு அம்மாள் வந்தார். நாற்பது வயதிருக்கும். மஞ்சள் சேலை, இடுப்பில் கூடை. கண் சிவந்திருந்தது.

"எங்க வீட்டுக்காரரக் காணும் சாமி. கதவு தொறந்ததுலேர்ந்து தேடுறேன். மணப்பாறை பஸ்ஸுக்குக் காசு அவருகிட்ட இருக்கு. மக நெறமாசமா இருக்கா, பொழுது சாயறதுக்குள்ள ஊரு போய்ச் சேரணும்."

"எந்த ஊரும்மா?"

"மருங்காபுரி."

"அவர் பேர்?"

அம்மாள் வாயைத் திறக்கவில்லை. புருஷன் பெயரைச் சொல்ல மாட்டார்கள் என்பதும் என் அட்டைக்குத் தெரியாது. கையை நீட்டிக் கோபுரத்தைக் காட்டினார்.

"கோபுரமா?"

"உள்ள படுத்திருக்கறவரு."

"ரங்கநாதன்?"

"அதுல மொத பாதி."

மைக்கைத் துடைத்துக்கொண்டிருந்த காதர் திரும்பினான். "ரெண்டாவது பாதி என்னம்மா?"

அம்மாள் என்னைக் காட்டினார். "இந்தத் தம்பிய நான் எப்படிக் கூப்புடுறேனோ, அது."

"ரங்கசாமி" என்றோம் இரண்டு பேரும். அம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

காதர் மைக்கில் சொன்னான். அவனுக்கு மைக் முன்னால் வேறு குரல், வேறு தமிழ். "மருங்காபுரியைச் சேர்ந்த ரங்கசாமி அவர்கள் எங்கிருந்தாலும் உடனே ஒலிபெருக்கி நிலையத்துக்கு வரவும். தங்கள் துணைவியார் இங்கே காத்திருக்கிறார்." ஹாரன் குழாயிலிருந்து போன குரல் கோபுரத்தில் மோதித் திரும்பியபோது ரங்கசாமி மட்டும்தான் மிச்சம் இருந்தது.

கால் மணியில் பதினொரு ரங்கசாமிகள் வந்தார்கள். நான் எண்ணினேன். லால்குடி ரங்கசாமி, முசிறி ரங்கசாமி, திருவானைக்காவலிலேயே கடை வைத்திருக்கும் ரங்கசாமி. அம்மாள் ஒவ்வொருவரையும் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டார். ஒரு ரங்கசாமி மட்டும் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

காதர் கேட்டான். "பெரியவரே, நீங்க மருங்காபுரியா?"

"இல்லப்பா, தொட்டியம்."

"உங்க சம்சாரம் தொலைஞ்சு போனாங்களா?"

"அவ போய்ச் சேர்ந்து நாலு வருஷம் ஆச்சு. இருந்தாலும் காத்திருக்கான்னு சொன்னியே, வராம எப்படி இருக்கறது?"

அவருக்கு மோர் கொடுத்து அனுப்பினோம். காதர் என் மரப்பெட்டியைப் பார்த்தான்.

"ஏன் அய்யங்காரே, ஸ்ரீரங்கத்துல நின்னுக்கிட்டு ரங்கான்னு கூப்பிட்டா ஆளாடா கிடைக்கும்? ஊரே திரும்பும்."

"பேரை வச்சுத்தாண்டா தேடணும்."

"அப்ப இன்னும் ரெண்டு ரங்கசாமி வரட்டும், கிரிக்கெட் டீமுக்கு ஸ்பேர் ஆளும் ஆச்சு."

எனக்குக் கோபம். உடுப்பைக் கேட்டேன். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. நெற்றியில்? நாமம். உயரம்? "ஒசரமும் இல்ல, கட்டையும் இல்ல." எல்லாவற்றையும் அட்டையில் எழுதிக்கொண்டேன். காதர் குறுக்கே வந்தான்.

"அம்மா, நீங்க சொல்றதெல்லாம் இந்தக் கூட்டத்துல எல்லாருக்கும் இருக்கு. பாருங்க, வேட்டி, துண்டு, நாமம். எனக்குத்தான் இல்லை. அவருகிட்ட மட்டும் இருக்கறது ஏதாச்சும் சொல்லுங்க."

அம்மாள் யோசித்தார். பிறகு சொல்லலாமா வேண்டாமா என்பது போலச் சொன்னார்.

"குழவி வச்சிருப்பாரு."

"என்னது?"

"ஆட்டுக்கல்லு குழவி. எங்க வீட்டுல குழவி வெடிச்சுப் போச்சு. கல்லு நல்லாத்தான் இருக்கு. இங்க கடையில பார்த்தாரு, தோதா இருக்குன்னு வாங்கிட்டாரு. சாமி பார்த்துட்டு வாங்கலாம்னேன், கேக்கல. துண்டுல சுத்தித் தோள்ல வச்சுக்கிட்டு, பச்சப் புள்ளயத் தூக்கிக்கிட்டுப் போற மாதிரி போறாரு."

காதர் சிரிக்கவில்லை. மைக்கைப் பிடித்தான். பெயரும் இல்லை, ஊரும் இல்லை.

"தோளில் ஆட்டுக்கல் குழவி வைத்திருப்பவர் உடனே ஒலிபெருக்கி நிலையத்துக்கு வரவும்."

ஒரே ஒருவர் வந்தார். கூட்டத்துக்கு மேலே முதலில் குழவிதான் தெரிந்தது. பந்தலுக்குள் வந்து அதை பெஞ்சில் இறக்கிவைத்தார், பெஞ்சு ஆடியது. அம்மாள் அவரைப் பார்க்காமல் குழவியைப் பார்த்துத் திட்டினார்.

"இந்தக் கல்லக் கட்டிக்கிட்டு எங்க போயிட்டீங்க? மைக்குல கூப்பிட்டது காதுல வுழலயா?"

"வுழுந்துச்சு. ஊருல ஆயிரம் ரங்கசாமி, நம்மளயா மைக்குல கூப்புடப் போறாங்கன்னு போயிட்டேன். இந்தப் பந்தலையே நாலு வாட்டி தாண்டிப் போனேன். குழவின்னதும்தான் திக்குன்னுச்சு. அது நான்தான், வேற யாரும் இருக்க முடியாது."

அன்று நான் கற்றுக்கொண்டேன் என்று எழுத ஆசை. கற்றுக்கொள்ளவில்லை. மரப்பெட்டியின் மேல் இருந்த பெருமை போகவில்லை. அடுத்த வருஷம் ர தடுப்பை ஏழாகப் பிரித்தேன். ரங்கசாமிக்குத் தனி, ரங்கநாதனுக்குத் தனி. காதர் அதைப் பார்த்து, "அப்படியே ஒவ்வொரு ரங்கசாமிக்கும் ஒரு வீடு கட்டிக் கொடுத்துடு" என்றான்.

6

கோதுமை ட்ரேயைத் தோளில் வைத்துக்கொண்டே பேராசிரியர் அறைக்குப் போனேன். இறக்கிவைக்க மறந்துவிட்டது.

"கோதுமைதான் நம் ரங்கசாமி" என்றேன். அவருக்கு என்ன புரியும். நாற்காலியில் உட்காரச் சொன்னார். மூச்சு வாங்கிக்கொண்டு திரும்பச் சொன்னேன். கோதுமை என்ற சொல் நானூறு சுருக்கங்களிலும் இருக்கிறது. அது கேள்வியில் இருந்தால் நானூறு பேரும் திரும்பிப் பார்க்கிறார்கள். துருநோய் பதினைந்தில்தான் இருக்கிறது. நாம் இரண்டுக்கும் ஒரே மதிப்பு கொடுத்து எண்ணுகிறோம். அது தப்பு. ஒரு சொல் எத்தனை சுருக்கங்களில் வருகிறதோ அந்த எண்ணால் அதன் மதிப்பை வகுத்துவிட வேண்டும். எல்லாரிடமும் இருக்கும் சொல்லுக்கு மதிப்பு தூசி. ஒருவரிடம் மட்டும் இருக்கும் சொல்லுக்கு முழு மதிப்பு.

அவர் ஜன்னலைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். அது நல்ல அறிகுறி. ஆனால் தலையை ஆட்டவில்லை.

"இது கோதுமை ஆராய்ச்சித் தொகுப்பு. இதில் கோதுமைதான் முக்கியமான சொல். அதைத் தூசி என்கிறாய்."

"முக்கியமானது வேறு, கண்டுபிடிக்க உதவுவது வேறு" என்றேன். "எங்கள் ஊரில் பெருமாள் பெயரைவிடப் பெரிய பெயர் கிடையாது. காலையிலிருந்து அதைச் சொல்லிக்கொண்டே இருப்போம். அந்தப் பெயரைச் சொல்லி ஒரு மனிதரைக் கண்டுபிடிக்க முடியாது."

குழவிக் கதையைச் சொன்னேன். குழவி என்றால் என்ன என்பதற்கு மட்டும் பத்து நிமிஷம் ஆனது. ஆட்டுக்கல்லைக் காகிதத்தில் வரைந்து காட்டினேன். அந்த அம்மாள் புருஷன் பெயரைச் சொல்லாதது ஏன் என்று அவர் கேட்டதற்கு இன்னும் பத்து நிமிஷம். கடைசியில் சொன்னார்.

"அந்த மைக் ஆசாமி சரியாகப் படித்திருந்தால் என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பான். வியாழக்கிழமை ஓட்டிப் பார்."

அடுத்த பத்து நாள் ஒவ்வொரு சொல்லின் கட்டையும் எண்ணி, எண்ணிக்கையைத் துளை அட்டையில் ஏற்றினோம். பெட்டிதான் அடித்தாள். கோதுமையின் மதிப்பு நானூற்றில் ஒரு பங்கு என்றதும், "என் முதுகுக்கு நியாயம் கிடைத்தது" என்றாள்.

7

வியாழக்கிழமை பத்து மணிக்கு அட்டைகளைக் கொடுத்தேன். யந்திரம் ஒரு பெரிய அறை முழுக்க உட்கார்ந்திருக்கிறது. எங்கள் காதரின் ஆம்ப்ளிஃபயர் மாதிரி ஒரு சூடான வாசனை வரும். தாள் மடிமடியாக வெளியே வந்தது. நானும் பெட்டியும் பேராசிரியரும் மேஜையில் பரப்பிப் பென்சிலால் குறித்துக்கொண்டே போனோம்.

முதல் கேள்விக்குப் பத்தில் ஆறு. முன்பு ஒன்று. இரண்டாவதில் ஐந்து. மூன்றாவதில் ஏழு. நான் நாற்காலியில் உட்காரவில்லை, மேஜையைச் சுற்றி நடந்துகொண்டிருந்தேன். பெட்டி என் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள்.

பதினாலாவது கேள்வியில் பூஜ்யம். இருபத்து மூன்றிலும் பூஜ்யம். பேராசிரியர் பென்சிலை வைத்துவிட்டுக் கேள்வியைப் படித்தார். அப்புறம் அந்தக் கேள்வியின் அட்டையை எடுக்கச் சொன்னார். ஒரு சொல்லில் ஒரு எழுத்து தப்பாகத் துளைத்திருந்தது. அந்தத் தப்பான சொல் நானூற்றில் ஒரே ஒரு சுருக்கத்தில், அதே தப்போடு இருந்தது. யாரிடமும் இல்லாத சொல், அதனால் அதற்குத்தான் முழு மதிப்பு. யந்திரம் அதைத் தலையில் தூக்கி வைத்து ஆடியிருக்கிறது. இன்னொன்றிலும் அதே கதைதான்.

பெட்டி முகம் சிவந்துவிட்டது. "என் கை" என்றாள்.

"என் கையெழுத்து" என்றேன். அது உண்மையும்கூட.

"ஆக, குழவியையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது" என்றார் பேராசிரியர். "அதையும் எழுது. தோற்ற இரண்டையும் மறைக்காமல் எழுது." பிறகு மொத்தத்தைக் கூட்டினார். இன்னொரு தடவை கூட்டினார். முப்பதில் இருபத்தாறு கேள்விகளுக்கு முன்னைவிட நல்ல பதில். பேனாவை எடுத்தார். படிவம் மறுநாள்தான் வேண்டும், என் பையிலேயே இருந்தது. அங்கேயே, அந்தத் தாள்களுக்கு மேலேயே வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

படிவத்தோடு ஆபீசுக்கு ஓடினேன். பனியில் இரண்டு தடவை வழுக்கினேன். அந்த அம்மாள் என்னைப் பார்த்ததும் மூன்று இழுப்பறைகளையும் தானாகவே திறந்தாள்.

"நீங்கள் ஒருவர்தான் என்று இப்போது எனக்குத் தெரியும்" என்றாள். "இந்த ஊரில் ரங்கா என்று ஒருவர்தான் இருக்கிறார்."

வெளியே வந்தபிறகுதான் அது உறைத்தது. ஊரில் தூசி பெறாத பெயர் இங்கே முழு மதிப்பு. பெட்டி கூடத்தின் அந்தக் கோடியிலிருந்து 'ரங்கா' என்றால் நான் ஒருவன்தான் திரும்புகிறேன். அன்றைக்கு நாள் முழுக்கத் தரையில் கால் பாவவில்லை. அப்பாவுக்கு எழுதினேன், 'தொலைக்காததைத் தேடும் வேலை இன்னும் இரண்டு வருஷம் நீடிக்கிறது' என்று.

8

இதை இங்கே முடித்திருப்பேன். நேற்றுக் காதரின் நீல ஏர்மெயில் வந்தது. ஏகாதசி அன்றைக்குப் பந்தலிலிருந்தே எழுதியிருக்கிறான். எண்ணெய்க் கறை இருக்கிறது. அவன் எழுதினபடியே கொடுக்கிறேன்.

'மாப்ளே, இந்த வருஷமும் நம்ம செட்டுதான். உன் மரப்பெட்டியை எவனோ அடுப்புக்கு எடுத்துட்டான், வருத்தப்படாதே. பசங்க இப்ப மொதல்ல என்ன கையில வச்சிருந்தார்னு கேக்குறாங்க, அப்புறந்தான் பேரு. காலைல கதவு தொறக்கறதுக்கு முன்னாடி மைக் டெஸ்ட் பண்ணணும். ஒன் டூ த்ரீன்னு சொல்லிச் சொல்லி அலுத்துப்போச்சு. சும்மா, ஸ்ரீரங்கம் ரங்கராஜன் எங்கிருந்தாலும் ஒலிபெருக்கி நிலையத்துக்கு வரவும்னு சொன்னேன். ஒம்பது பேரு வந்தாங்க. ஒருத்தர் கோயில் பட்டர், ஒருத்தர் போலீஸ்காரர். நான் ஒவ்வொரு மூஞ்சியாப் பார்த்தேன். நீ வரலை.'

நாலு தடவை படித்தேன். பிறகு அவனுக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். யந்திரம், கோதுமை, பதினாலாவது கேள்வி, கையெழுத்து எல்லாம் எழுதினேன். அவன் பெயரை அறிக்கையின் நன்றிப் பக்கத்தில் போடப்போவதையும், பாலக்கரை காதர் என்று ஆங்கிலத்தில் எப்படி எழுத என்று பேராசிரியர் கேட்டதையும் எழுதினேன். கடைசியில் அரை விரல்கடை இடம் மிச்சம் இருந்தது. அதில் இப்படி எழுதி ஒட்டினேன்.

'அடுத்த தடவை பெயரைச் சொல்லாதே. தோளில் கோதுமை ட்ரே வைத்திருப்பவர் என்று சொல். வந்துவிடுகிறேன்.'